எலிக்குழாய்

ரசலையன் அண்ணனைப் பழிவாங்க வேண்டும் என்று நான் ஆறு வருஷம் ஜெபம் பண்ணினேன். ஜெபத்தில் கேட்கக் கூடாத காரியம் அது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர் எனக்கு மூன்று பெஞ்ச் முன்னால் உட்கார்ந்து கணீரென்று பாடுவார். அந்தப் பிடரியைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன். ஆண்டவரே, இந்த மனுஷன் ஒருநாள் என் வயலில் நின்று என்னிடம் கெஞ்ச வேண்டும், மற்றதெல்லாம் உமது சித்தம் என்று சொல்லி ஆமென் போடுவேன்.

எனக்கு ஆலடிக்குளத்தின் கடைமடையில் அறுபது சென்ட் வயல். குளத்துக்குக் கீழே கிடக்கிற மொத்த வயல்காட்டையும் நாங்கள் ஏலா என்போம். ஏலாவின் தலைமாட்டில், மடையைத் திறந்ததும் தண்ணீர் போய் விழுகிற இடத்தில், ரசலையன் அண்ணனுக்கு மூன்று ஏக்கர். பாதி நெல், பாதி வாழை. பாசன சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். மடைச் சாவி அவர் இடுப்பில் கிடக்கும்.

2007 ஜனவரியில், மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெல் பால் பிடிக்கிற சமயம் அது நடந்தது. புதன்கிழமை கடைமடைக்காரர்களின் முறை. செவ்வாய் சாயங்காலம் சங்கத்தைக் கூட்டி, குளத்தில் தண்ணீர் குறைவு, இனி தலைமடைக்குப் போக மீதிதான் மற்றவர்களுக்கு என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். தீர்மானம் எழுதியது ரசலையன் அண்ணன். கை தூக்கியது அவருடைய மச்சினன்மார். விடிந்ததும் என் வீட்டுக்காரர் சத்தியநேசன் மடைக்கு ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன். எங்கள் தண்ணீர் சலசலவென்று அவருடைய வாழைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, நெல்லு பால் பிடிக்க நேரம். மூணு மணிக்கூர் விட்டாப் போதும்" என்றார் இவர்.

ரசலையன் அண்ணன் மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "முறைன்னா முறைதான் சத்தியநேசா. ஒருத்தனுக்காண்டி ஏலாவுக்க முறைய மாத்த ஒக்காது."

முதல்நாள் அவரே மாற்றிய முறையைத்தான் அப்படிச் சொன்னார்.

என் வயலுக்கு அடுத்த வயல் தங்கபாய் அக்காவுடையது, முப்பது சென்ட். அவள் ஒருத்திதான் தன் வயலில் கிடந்த கொஞ்சம் தண்ணீரை, வரப்பை வெட்டி எனக்குப் பாதி விட்டாள். "எனக்குப் போனாப் போட்டும், உனக்கு அறுபது சென்ட்லா" என்றாள். அது போதவில்லை. அறுத்து அடித்துத் தூற்றினபோது முக்கால்வாசி பதராகக் காற்றோடு போயிற்று. அடுத்த மாதமே இவர் கொத்தனார் வேலைக்குக் கோட்டயம் போனார். போன பதினேழாம் நாள் சாரம் சரிந்து விழுந்து, பெட்டியில் வந்தார். கோட்டயத்தில் சாரம் சரிந்ததற்கு ரசலையன் அண்ணன் என்ன செய்வார் என்று போதகர் உட்பட எல்லாரும் எனக்குச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் ரசலையன் அண்ணன் என் வரப்பு வழியாக வெள்ளை வேட்டியோடு வந்தார். ஆறுதல் சொல்ல வந்தாராம். வயலை விற்கிற எண்ணம் இருந்தால் சொல்லு என்பதும் அந்த ஆறுதலில் இருந்தது. நான் குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அந்த வேட்டியில் அடித்தேன். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஏட்டி, இனி உனக்க வயல்ல நான் கால் வச்சா எனக்க பேரு ரசலையன் இல்ல" என்றார்.

சொன்னதைக் காப்பாற்றினார். ஆறு வருஷம் என் வரப்பில்கூடக் கால் வைக்கவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷமே வேளாண்மை அலுவலகத்தில் இருந்து ஆள் வந்து, ஒற்றை நாற்று நடவு என்று ஒன்று இருக்கிறது, தண்ணீர் பாதி போதும், பரீட்சை பார்க்க ஒரு வயல் வேண்டும் என்றார்கள். நாலைந்து நாற்றைச் சேர்த்து நெருக்கி நட்டு, கதிர் முற்றுகிற வரை தண்ணீர் தளதளவென்று நின்றால்தான் எங்கள் ஏலாக்காரனுக்குத் தூக்கம் வரும். ஒருவரும் வயல் கொடுக்கவில்லை. அப்போது ரசலையன் அண்ணன் கூட்டத்தில் எழுந்து, "தண்ணி இல்லாம நெல்லு விளையணும்னா அதுக்குப் பொருத்தம் ராகேலுக்க வயலுதான். அங்க எப்பளும் தண்ணி கெடையாது" என்று என் பெயரை எழுதிக்கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். இந்த ஒரு போகமும் போய்விட்டால் வயலை விற்றுவிடுவேன் என்பது அவருடைய திட்டம்.

எனக்கு வேறு வழி இல்லை, ஒத்துக்கொண்டேன். பதினாலு நாள் வயசான நாற்றை ஒவ்வொன்றாக, ஒரு சாண் இடைவெளிவிட்டு, கயிறு பிடித்து நட்டோம். பார்த்தால் மொட்டைத்தலையில் முடி முளைத்த மாதிரி இருந்தது. உருளையில் பல் வைத்த களைக் கருவி ஒன்றைத் தந்தார்கள். அதை நான் வரிசைக்குள் தள்ளிக்கொண்டு போக, பாதையில் போகிறவர்கள் "ராகேலு சைக்கிள் ஓட்டுதா" என்று கேலி பண்ணினார்கள். முதல் போகம் சுமார்தான். அலுவலகத்துக்காரர்கள் சோதனை வயல் என்று நட்டிருந்த பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நான் விடவில்லை. நாகர்கோவிலில் பயிற்சி என்று எப்போது சொன்னாலும் பஸ் ஏறிவிடுவேன்.

2009-ல் அப்படி ஒரு பயிற்சியில்தான் அந்தக் குழாயைக் காட்டினார்கள். ஒரு முழ நீளத்துக்குச் சாதாரண பிளாஸ்டிக் குழாய், சுற்றிலும் ஓட்டை. அதை வயலில் முக்கால்வாசி புதைத்து, உள்ளே மண்ணை எடுத்துவிட வேண்டும். மேலே நிலம் காய்ந்து வெடித்திருக்கும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும். தண்ணீர் ஒரு சாண் கீழே இறங்குகிற வரை மடையை நினைக்கவே வேண்டாம். பூக்கிற நேரமும் பால் பிடிக்கிற நேரமும் மட்டும் காயவிடக் கூடாது, அதற்கு வயல் மூலையில் இரண்டு சென்ட்டில் ஒரு குட்டை வெட்டிக்கொண்டேன். இவ்வளவுதான் வித்தை. ஒற்றை நாற்றை யாரும் பார்த்துப் பார்த்து நட்டுவிடலாம். எப்போது காயவிட வேண்டும், எப்போது விடக் கூடாது என்பது அந்தக் குழாய்க்குள் இருந்தது.

பதினாலு மூட்டை கண்ட வயலில் இருபத்தொன்று கண்டேன். உரத்துக்கும் விதைக்கும் பாதிச் செலவுதான். மகள் ஷிபாவை நர்சிங் சேர்த்தேன். ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. களத்தில் இருந்தே வண்டியில் ஏற்றித் தோவாளைப் பக்கம் ஒரு மில்லுக்கு அனுப்பிவிடுவேன். சபையில் அறுப்பின் பண்டிகைக்கு எல்லாரும் குலையும் மூட்டையுமாகக் கொண்டு வர, நான் ஒரு சின்னச் சுளகில் நெல் கொண்டுபோய், ஏதோ கர்த்தர் தந்தது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வைப்பேன். நான் கற்றதில் ஒரு துளிகூட ரசலையன் அண்ணன் காதுக்குப் போகக் கூடாது. என் வயல் செத்துக் கிடக்கிறது என்றே அவர் நம்பட்டும், ஒருநாள் வரும் என்று காத்திருந்தேன்.

தங்கபாய் அக்கா ஒருநாள் வரப்பில் நின்று கேட்டாள். "ராகேலு, அது என்ன மக்கா, குழாயக் குத்தி வச்சிருக்கே?"

அக்காவுக்கு வாயில் ஒன்று நிற்காது. காலையில் சொன்னதை மத்தியானத்துக்குள் ஏலா முழுக்கச் சொல்லிவிடுவாள்.

"எலி பிடிக்கதுக்கு அக்கா" என்றேன். "உள்ள விழுந்தா ஏற முடியாது."

"கொள்ளாமே, நல்ல யோசனைதான்" என்று சொல்லிவிட்டு அவள் தன் வயலுக்குப் போனாள். அந்த வருஷம் அவளும் என்னைப் பார்த்து ஒற்றை நாற்று நட்டாள். தண்ணீரைக் கட்டி நிறுத்தினாள், நாற்று அழுகிற்று. அப்புறம் பயந்துபோய்க் காயப் போட்டாள், பூக்கிற நேரத்தில் போய்க் காயப் போட்டாள். பதர்தான் கண்டது. "நமக்கு இது ஒத்துவராது மக்கா" என்று பழையபடி நெருக்கி நட ஆரம்பித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

2012-ல் ஐப்பசி மழை பொய்த்தது. கார்த்திகையிலும் இல்லை. மார்கழி முடியும்போது ஆலடிக்குளத்தில் எருமை நடந்து போயிற்று. தலைமடை வயல்களே மஞ்சளித்து நின்றன, நெருக்கி நட்ட பயிர் ஒன்றின் தண்ணீரை ஒன்று குடித்துச் செத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் பயிர்க் காப்பீட்டை நம்பினார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. ஊருக்கு நாலு வயல் எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி, அதற்குள் நிற்பதை அறுத்து, அங்கேயே அடித்துத் தூற்றி நிறுப்பார்கள். நாலு எடைக்கும் சராசரி ஏழரை கிலோவுக்குக் கீழே இருந்தால் ஊர் முழுக்க இழப்பீடு கிடைக்கும். மேலே போனால் ஒருவருக்கும் கிடையாது.

பொங்கல் கழிந்து ஒருநாள் தங்கபாய் அக்கா இரைக்க இரைக்க ஓடி வந்தாள்.

"ராகேலு, காரியம் கெட்டுது. நாலாவது வயலா எழுதி வந்த இடத்துல வாழை நிக்குது. நெல்லு நிக்க வேற வயலு காட்டணும்னு ஆபீசரு கேட்டாரு. ரசலையன் அண்ணன் பாதையில நின்னே உனக்க வயலக் கை சூண்டிட்டாரு. வெடிச்சுக் கெடக்கு, ஒரு மணி காணாது, இதையே எழுதுங்கன்னு சொல்லிட்டாரு."

பாதை ஓரம் நாலு வரிசை ஆடு கடித்துக் கிடந்தது, அதற்கு அப்பால் நிலம் விரல் போகிற அளவு வெடித்திருந்தது. தண்ணீரைப் பார்த்தே பயிரைக் கணிக்கிறவர் அவர். வெடித்த வயலில் உயிர் இருக்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இறங்கிப் பத்தடி உள்ளே வந்து ஒரு தூரை விரித்துப் பார்த்திருந்தால் நாற்பது கிளை எண்ணியிருக்கலாம், பூக்கிற நேரத்துக்கென்று மூலைக் குட்டையில் நான் சேர்த்து வைத்த தண்ணீரையும் பார்த்திருக்கலாம். அவர்தான் கால் வைக்க மாட்டாரே.

"இப்பமே போய்ச் சொல்லு மக்கா" என்றாள் அக்கா. "எனக்க வயலு நல்லா இருக்கு, வேற எடுங்கன்னு சொன்னாத் தீந்துது."

"அவருல்லா காட்டினாரு? அவரே பாத்துக்கிடட்டும்."

"இழப்பீடு கிட்டலைன்னா எனக்க வயலு போச்சு ராகேலு. ஆன்ஸ்லின் இப்பமே வித்துரு வித்துருன்னு நிக்கான்." ஆன்ஸ்லின் அவள் மகன். மார்த்தாண்டத்துக்காரன் ஒருவன் வீட்டுமனை போட அந்த முப்பது சென்ட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். "நீ சொல்ல மாட்டேன்னா நான் போய்ச் சொல்லட்டா?"

"சொன்னா அதோட எனக்க வாசல் மிதிக்காத" என்றேன்.

அக்கா திரும்பித் தன் வயலுக்கு நடந்தாள். வாயில் ஒன்றும் நிற்காத தங்கபாய் அக்கா அன்றிலிருந்து அறுப்பு நாள் வரை ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிப்ரவரி கடைசியில், காலை பத்து மணிக்கு அலுவலர் வந்தார். சின்ன வயசுக்காரர், தொப்பி போட்டிருந்தார். மற்ற மூன்று வயலும் முடிந்திருந்தது, ஐந்து கிலோ நூறு, ஐந்து கிலோ தொள்ளாயிரம், ஆறு கிலோ இருநூறு. அந்த மூன்று எண்ணும் ஏலாவில் எல்லாருக்கும் மனப்பாடம். கூட்டமாக வந்தார்கள், வரப்பில் ஏறிக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். உள்ளே கதிர் கனத்துச் சாய்ந்து கிடந்தது.

ரசலையன் அண்ணன் பாதையிலேயே நின்றார். முகம் போன போக்கைப் பார்த்தேன். பார்க்காமல் விடுவேனா?

"சங்கத் தலைவரு வந்து கயிறு பிடிக்கணும் சார்" என்றேன் அலுவலரிடம். "அப்புறம் ராகேலு கள்ள அளவு அளந்தான்னு பேச்சு வரப்பிடாது."

"வாங்க சார், சாட்சிக் கையெழுத்தும் நீங்கதானே போடணும்" என்று அந்தப் பையன் ஒன்றும் தெரியாமல் கூப்பிட்டார்.

ரசலையன் அண்ணன் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். என் வயலில் கால் வைத்தார்.

நாலு முளையும் அடித்து முடிந்தது. கயிற்றைக் கட்டிவிட்டு அவர் என் பக்கம் வந்தார். குரலே மாறிப்போயிருந்தது. "ராகேலு, நீ வயலுக்காரி, நீ சொன்னா சாரு கேப்பாரு. பாதையோரம் ஆடு கடிச்ச இடம் கெடக்குல்லா, அங்க முளைய மாத்தி அடிக்கச் சொல்லு. எனக்காண்டி வேண்டாம் மக்கா. ஏலாவுல பிள்ளையள் இருக்கு, அதுகளுக்காண்டி." இரண்டு கையையும் கூப்பினார்.

ஆறு வருஷ ஜெபம். கர்த்தர் ஒரு எழுத்துப் பிசகாமல் தந்திருந்தார்.

"முறைன்னா முறைதான் அண்ணே" என்றேன். "ஒருத்தருக்காண்டி மாத்த ஒக்காது."

அவருக்குப் புரிந்தது. எந்த மடை, எந்தக் காலை, யார் கேட்டது, எல்லாம் புரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைத்துப் பேசி என்ன பயன்? என் கல்யாணத்துக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அறுத்தார்கள், தார்ப்பாயில் அடித்தார்கள், தூற்றினார்கள். பதர் என்று பறந்தது ஒரு பிடிதான். தராசில் தொங்கவிட்டு அலுவலர் உரக்கச் சொன்னார், "பதினாலு கிலோ எண்ணூறு."

ஆன்ஸ்லின் மொபைலில் நாலையும் கூட்டி வகுத்தான். "எட்டு" என்றான். ஏழரைக்கு மேலே அரை கிலோ. ஒவ்வொருவராக வரப்பை விட்டு இறங்கிப் போனார்கள். தங்கபாய் அக்கா மட்டும் தன் வயலில், முழங்கால் உயரத்துக்குக் கருகி நின்ற நெல்லுக்குள் உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மூட்டையைக் கட்டினேன்.

சொன்னால் சிரிப்பீர்கள். ரசலையன் அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு வாழை இருந்தது, குலசேகரத்தில் ரப்பர் இருந்தது. மூன்று மாதம் சபையில் குரலைத் தாழ்த்திப் பாடினார், அப்புறம் பழையபடி கணீரென்று ஆரம்பித்துவிட்டார். கடைமடையில்தான் ஐந்து பேர் வயலை விற்றார்கள்.

ஜூனில் நான் கன்னிப்பூ என்கிற முதல் போக நடவு முடித்து மூன்று வாரம் இருக்கும். தங்கபாய் அக்காவின் முப்பது சென்ட்டில் லாரி செம்மண் கொட்டிக்கொண்டிருந்தது. நாலு மூலையிலும் கல் நட்டாகிவிட்டது. அக்கா நாகர்கோவிலில் மகன் பார்த்திருக்கிற வாடகை வீட்டுக்குப் போகிறாள், சொல்லிக்கொள்ள வந்தாள். அந்தச் சண்டைக்குப் பிறகு அவள் என் வரப்பில் நின்றது அன்றைக்குத்தான்.

"போய்ட்டு வாறேன் ராகேலு."

நான் தலையை ஆட்டினேன்.

அவள் போகாமல் வயலையே பார்த்தாள். "அந்த எலிக்குழாய ஒருக்கா பாக்கட்டா?"

இறங்கி வந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குழாய்க்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் நிலம் வெடித்திருந்தது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தாள். கையை விட்டுத் துழாவினாள். நடுவிரல் நுனி நனைந்து வந்தது. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி இவ்வளவு கீழ போறது வரை விடண்டாம். அதுதானே?"

"ம்."

"பூக்கும்போ மட்டும் விடணும்."

"ஆமா அக்கா."

"இவ்வளவுதானாட்டி?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கணக்குக்கு விடை சொன்னதும் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இவ்வளவுதான் அக்கா" என்றேன்.

அவள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து, லாரி நின்ற பக்கமாக நடந்து போனாள்.